அதே கை, அதே சொல்: பத்து மாத இடைவெளியில் ஒரு பக்கவாதமும் ஒரு வலிப்பும்

காங்கயத்துக்குத் தெற்கே உள்ள வறண்ட காட்டில் இருபது வருடமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். இந்தப் பக்கம் கை கால் விளங்காமல் போனாலும் "இழுத்துக்கிச்சு" என்பார்கள். கை கால் வெட்டி வெட்டித் துடித்தாலும் "இழுத்துக்கிச்சு"தான். மூச்சிரைப்புக்குக்கூட "இழுப்பு" என்றே பேர். மூன்று நோய்க்கும் ஒரே சொல். இத்தனை வருடம் இங்கே இருந்தும் அந்தச் சொல்லைப் பிரித்துக் கேட்காமல் விட்டேன். அதனால் ஒரு பெரியவரின் வலது கை பாதி போயிற்று. பத்து மாதம் கழித்து அதே கைக்கு, அதே சொல்லோடு, வேறொரு நோய் வந்தது. இரண்டையும் சேர்த்து எழுத அந்தக் குடும்பத்தாரிடம் ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். பேரும் ஊரும் வேண்டாம் என்றார்கள்.

நோயாளி

61 வயது. மானாவாரி விவசாயி. கிளுவை வேலி போட்ட கொறங்காடு (மேய்ச்சல் நிலம்), நாலு எருமை, காங்கயம் மாடு ரெண்டு. சாளையில் (தோட்டத்து வீட்டில்) அவர், மனைவி, மகன், மருமகள், பேத்தி. மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்வருகிறவர். பெரியவருக்கு ஆறு வருடமாக ரத்தக் கொதிப்பு. மாத்திரையைத் 'தலை சுத்துனா' மட்டும் போடுவார். சர்க்கரை இல்லை. வலிப்பு இதற்கு முன் வந்ததில்லை. பீடி விட்டு எட்டு வருடம் ஆகிறது. வலது கைப் பழக்கம் உள்ளவர். அந்தக் கையில்தான் பால் கறப்பார்.

முதல் நிகழ்வு: ஆனி மாதம்

காலை 6.55க்கு மருமகள் என்னைக் கூப்பிட்டார். அந்தப் பேச்சு அப்படியே மனதில் இருக்கிறது.

"டாக்டருங்க, மாமாவுக்கு இழுத்துக்கிச்சுங்க. நெனவே இல்லீங்க. கூப்புட்டாப் பேச மாட்டீங்கறாருங்க."

"வாயில நொரை வருதா அம்மிணி?"

"ஒழுவுதுங்க."

என் மனதில் படம் வரைந்து முடிந்துவிட்டது. இழுப்பு, நினைவில்லை, நுரை. வலிப்புதான் என்று முடிவு செய்தேன். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், கொஞ்ச நேரத்தில் தெளியும், தெளிந்ததும் கூட்டி வாருங்கள் என்றேன். வலிப்புக்குச் சொல்ல வேண்டியதைச் சரியாகத்தான் சொன்னேன். அவருக்கு வந்தது வலிப்பு இல்லை.

அவர்கள் தெளியும் என்று காத்திருந்தார்கள். டாக்டரே சொல்லிவிட்டபோது காத்திருக்காமல் என்ன செய்வார்கள்? பக்கத்து வளவிலிருந்து வந்த ஒருவர் வலது கையில் இரும்புச் சாவியைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். சாவி நழுவிக் கீழே விழுந்தது. மறுபடி கொடுத்தார்கள், மறுபடி விழுந்தது. கோயிலுக்குப் போய்த் திருநீறு மந்திரித்து வந்தார்கள். எட்டு மணிக்கும் தெளியவில்லை. மகன் திருப்பூரிலிருந்து திரும்பி வந்து, வாடகைக் கார் பிடித்து, என்னிடம் வந்து சேர்ந்தபோது மணி 9.10.

காரில் அவரைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார், அடையாளம் தெரிந்தது, ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல் வரவில்லை. "கண்ணை மூடுங்க" என்றால் மூடினார். நினைவு இல்லாமல் போகவே இல்லை, பேச்சுதான் போயிருந்தது. வாய் இடது பக்கம் கோணியிருந்தது. வலது கை துவண்டு கிடந்தது. வலது காலை மெத்தையிலிருந்து கொஞ்சம் தூக்க முடிந்தது. இரண்டு கண்ணும் இடது பக்கமே பார்த்தபடி இருந்தன. வலது கடைவாயில் எச்சில் ஒழுகிச் சட்டைக் காலர் நனைந்திருந்தது. மருமகள் சொன்னது அதுதான். நான் நுரை கேட்டேன், அவர் ஒழுகுகிறது என்றார். அவர் உள்ளதைச் சொன்னார், நான் என் கேள்விக்கான பதிலாக அதைக் காதில் வாங்கிக்கொண்டேன்.

விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை 148. ரத்த அழுத்தம் 176/100. நாடி தாறுமாறாக, எந்தக் கணக்கிலும் அடங்காமல் துடித்தது. இ.சி.ஜி.யில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறை சீராகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருந்தால் அங்கே ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போய் ஒரு குழாயை அடைத்திருக்கிறது.

அடுத்த கேள்வி, எப்போது தொடங்கியது என்பது. உறைந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். 1995இல் அந்த மருந்து பலன் தருகிறது என்று முதலில் நிறுவப்பட்டபோது மூன்று மணி நேரம்தான் கெடு. 2008இல் வந்த ஆய்வுக்குப் பிறகு நாலரை மணி நேரமாக நீண்டது. அந்தக் கெடுவுக்குள்ளும் முந்திப் போட்டால் பலன் கூடுதல், பிந்தினால் குறைச்சல். கணக்கு, யாரோ பார்த்த நேரத்திலிருந்து தொடங்காது. கடைசியாக அவர் நன்றாக இருந்தது எப்போது என்பதிலிருந்துதான் தொடங்கும்.

"காலைலதானுங்க" என்றார் மனைவி. அவர் அப்போது கட்டுத்தறியில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். மகன் கம்பெனிக்குக் கிளம்பிப் போய்விட்டார். மணி யாரும் பார்க்கவில்லை. பால் ஊத்தப் போனாரா என்று கேட்டேன். போனார், அவர் சட்டைப் பையிலேயே சொசைட்டிச் சீட்டு இருந்தது: 6.12. சாளைக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து மருமகள் கையால் டீ வாங்கியிருக்கிறார். "அப்பத்தானுங்க மினி பஸ்ஸு ஆரன் அடிச்சுச்சு. பஸ்ஸு போயிருச்சான்னு மாமா கேட்டாருங்க." அந்த மினி பஸ் 6.35க்குத் தவறாமல் வரும். 6.35க்கு அவர் நன்றாகப் பேசியிருக்கிறார். கெடு 11.05க்கு முடிகிறது. இன்றுவரை நான் நோயாளி வீட்டாரிடம் மணி கேட்பதில்லை. பால் வண்டி, பஸ், பள்ளிக்கூட வேன், டி.வி.யில் ஓடிய நிகழ்ச்சி, செல்போனில் கடைசியாகப் பேசிய அழைப்பு இவற்றைத்தான் கேட்கிறேன்.

9.25க்குக் கோவைக்கு அனுப்பினேன். சி.டி. எடுத்து முடித்தபோது 11.20. ரத்தக் கசிவு இல்லை. மூளையின் இடது பக்க நடுத் தமனியின் மேல் கிளையில் அடைப்பு, தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை இழுத்தெடுக்க முடியாத அளவு சிறிய, தொலைவான கிளை. அந்தக் கிளை ரத்தம் பாய்ச்சும் பகுதியில் சேதத்தின் தடம் ஏற்கெனவே தெரியத் தொடங்கியிருந்தது. கரைப்பு ஊசி போடுவதில்லை என்று அங்கே முடிவு செய்தார்கள். அது சரியான முடிவு. கெடு கடந்தது பதினைந்து நிமிடம். நான் தொலைபேசியை வைத்ததிலிருந்து அவர் என் வாசலுக்கு வந்தது வரை இரண்டே கால் மணி நேரம்.

மூன்று வாரத்தில் நடந்தார். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை இரு வேளையும் தொடர்கிறது. பேச்சு வந்தது, ஆனால் உடைந்து உடைந்து. வலது கையால் சோறு பிசைவார். எருமை மடியைப் பிடித்துக் கறக்க வரவில்லை.

விழுந்த சாவி

இந்தச் சாவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வலிப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுக்கும் வழக்கம் தமிழ்நாடு முழுக்க உண்டு. இரும்பால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் ரெண்டு மூணு நிமிடத்தில் தாமாகவே அடங்கும், சாவி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். கொடுத்த நேரமும் அடங்கும் நேரமும் ஒத்துப்போவதால் சாவிக்குப் பேர் கிடைத்தது. அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அன்றைக்குச் சாவி விழுந்தது என்பதை நான் கேட்டறிந்திருக்க வேண்டும். வலித்துக்கொண்டிருக்கும் கையில் சாவியைத் திணித்தால் கை அதை இறுக்கிக்கொள்ளும், பிடுங்க முடியாது. இந்தக் கையில் சாவி நிற்கவில்லை. பிடிக்க வலுவில்லாத கை அது. சாவி திண்ணையில் விழுந்த சத்தத்திலேயே நோய் என்னவென்று தெரிந்துவிட்டது, கேட்கத்தான் ஆளில்லை.

இதைத்தான் இப்போது வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறேன்: கை துடித்ததா, துவண்டதா? பக்கவாதத்தில் இருக்கிற வேலை நின்றுபோகும். கை ஓய்ந்துவிடும், வாய் ஒரு பக்கம் தொங்கும், பேச்சு அடங்கும், பார்வையில் ஒரு பாதி மறையும். வலிப்பில் கேட்காத வேலை நடக்கும். கை தானாக வெட்டும், கண்ணில் ஒளிப்பொட்டுகள் பறக்கும், தோலில் ஏதோ ஊரும். விவசாயிகளிடம் நான் சொல்வது இது: சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு விழுந்தால் அதற்கு அப்பால் இருக்கிற தென்னை வாடும், அது பக்கவாதம். ஸ்டார்ட்டர் பெட்டி கெட்டுப்போய் யாரும் சுவிட்சைத் தொடாமலே மோட்டார் டக்டக்கென்று ஓடி ஓடி நின்றால் அது வலிப்பு. கேட்டவுடன் தலையாட்டுவார்கள்.

மொழியில் சொல் இல்லாத குறை கிடையாது. ஒரு பக்கம் செயலற்றுப் போவதற்குப் பாரிசவாயு என்று தனிச்சொல் இருந்தது. வலிப்புக்கு முயலகன் என்று பேர் இருந்தது. கொல்லி மழவன் மகளுக்கு வந்த முயலகனை ஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் என்பது சைவ மரபு. கொல்லிமலை நமக்குத் தூரமில்லை. இரண்டு நோயும் வேறு என்று தெரிந்தவர்கள்தான் இரண்டு பேர் வைத்திருக்கிறார்கள். இப்போது ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் 'ஸ்ட்ரோக்', 'ஃபிட்ஸ்' என்று பிரித்து எழுதுகிறோம். அவசரத்தில் வாயில் வருவது மட்டும் இழுத்துக்கிச்சு.

இரண்டாம் நிகழ்வு: சித்திரை மாதம்

ஊரில் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா. கம்பம் சுற்றி ஆடுவதைப் பார்க்க இரண்டு இரவு தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார் பெரியவர். மூன்றாம் நாள் மாலை 7.05க்குத் திண்ணையில் டம்ளரோடு இருந்தார். 7.08க்கு மருமகள் கூப்பிட்டார்.

"டாக்டருங்க, மறுக்காவும் மாமாவுக்கு..." என்று தொடங்கினார்.

"இழுத்துக்கிச்சுன்னு சொல்லாதீங்க அம்மிணி. என்ன பாத்தீங்க, மொதல்ல இருந்து சொல்லுங்க."

கொஞ்சம் நிதானித்தார். பிறகு சொன்னது இது. பெருவிரல் டம்ளர் மேல் தட்டிக்கொண்டே இருந்தது, டிக் டிக் என்று சத்தம் கேட்டுத்தான் பேத்தி திரும்பிப் பார்த்தாள். பிறகு மற்ற விரல்கள், பிறகு மணிக்கட்டு, முழங்கை. அப்புறம் வலது கன்னமும் உதடும் வெட்டின. டம்ளர் கையிலேயே நசுங்குகிற மாதிரி இருந்தது, பிடுங்க முடியவில்லை. ரெண்டு நிமிடம் இருக்கும். நின்றது. நின்றதும் கை பொத்தென்று விழுந்தது, இப்போது தூக்கவே முடியவில்லை, பேச்சும் இல்லை. "அப்பாருக்கு என்னாச்சு"ன்னு அழுதுக்கிட்டே பேத்தி செல்போன்ல வீடியோ எடுத்துட்டாளுங்க என்றார்.

108க்குச் சொல்லிவிட்டு நேராக வரச் சொன்னேன். 7.50க்கு என் முன்னால் இருந்தார்.

வீடியோ 38 விநாடி. பதினொரு வயதுக் குழந்தை எடுத்தது, பாதி நேரம் தரை தெரிகிறது. ஆனால் ஐந்தாறு விநாடி முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. தலையும் இரண்டு கண்ணும் வலது பக்கம், துடிக்கிற கையின் பக்கமே, வெட்டி வெட்டித் திரும்புகின்றன. முதல் முறை இதே மனிதரின் கண் இடது பக்கம் நிலைத்திருந்தது. மூளையின் இடப்பாதியில் கண்ணை வலப்பக்கம் தள்ளும் ஒரு மையம் இருக்கிறது. அது செத்துப்போனால் எதிர்ப்பக்கத்து மையம் ஜெயித்துவிடும், கண் சேதமான பக்கத்தை, அதாவது இடதைப் பார்க்கும். அதே மையம் வெறிகொண்டு இயங்கினால் கண் வலப்பக்கம் தள்ளப்படும். சுருங்கச் சொன்னால், பக்கவாதத்தில் கண் விளங்காத கையை விட்டு விலகிப் பார்க்கும், வலிப்பு நடக்கும்போது துடிக்கிற கையை நோக்கிப் போகும். வலிப்பு ஓய்ந்தபின் சிலருக்குக் கண் திரும்பவும் மறுபக்கம் போவதுண்டு என்பதால் நடக்கும்போது பார்த்தது எது என்பது முக்கியம். பேத்தியின் ஆறு விநாடி அதனால்தான் இவ்வளவு பெறுமதி.

விரலில் தொடங்கிக் கைக்கும் முகத்துக்கும் ஊர்ந்து ஏறுகிற இந்த வகையை விளக்கியவர் 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் இருந்த ஹியூலிங்ஸ் ஜாக்சன். மூளையின் மேற்பரப்பில் பெருவிரலுக்கு ஓர் இடம், முழங்கைக்கு ஓர் இடம், வாய்க்கு ஓர் இடம் என்று வரிசையாக இருக்கின்றன. தீப்பொறி அந்த வரிசையில் பரவுகிறபடி உடம்பில் துடிப்பும் பரவுகிறது. நினைவு இருக்கும்போதே இது நடக்கலாம். பெரியவருக்கும் நினைவு இருந்தது. பிறகு ஒருநாள் சொன்னார்: "பெருவெரலு... எம்பேச்சக் கேக்குல தம்பி. தனியா... ஆடுச்சு."

என் முன்னால் இருந்தபோது வலது கையில் அசைவே இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகு வலு ஐந்துக்கு நாலு வரை வந்திருந்த கை. பேச்சு இல்லை. வாய் கோணியிருந்தது. கண் நேராக இருந்தது. சர்க்கரை 132. ரத்த அழுத்தம் 150/90. வீடியோ பார்க்காமல் அந்தக் கோலத்தை மட்டும் பார்த்தால் எந்த மருத்துவரும் இரண்டாவது பக்கவாதம் என்றே சொல்வார்.

வலிப்பு ஓய்ந்த பின் துடித்த உறுப்பு சில மணி நேரம் செயலற்றுக் கிடப்பதை ராபர்ட் பென்ட்லி டாட் என்ற மருத்துவர் 1849இல் விவரித்தார். டாட் வாதம் என்றே அதற்குப் பேர். ஓவர்லோடாகி ட்ரிப் ஆன மோட்டார் மாதிரி. எரிந்துபோகவில்லை, ஆறியதும் ஓடும். சில நிமிடத்திலும் சரியாகலாம், ஒன்றரை நாள்கூட ஆகலாம். இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. டாட் வாதம் என்பது சரியான பிறகு சொல்கிற பேர். சரியாவதற்கு முன்னால், இது டாட் வாதம்தான், காத்திருப்போம் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. வீட்டிலிருப்பவர்களுக்கு இன்னும் இல்லை.

அதுவும் இவருக்கு. ரத்தம் உறையாத மாத்திரை காலையில் போட்டவர். மூளையில் ரத்தம் கசிந்திருந்தால் அதுவே வலிப்பாக வெளிப்பட்டிருக்கலாம். புதிய பக்கவாதமே வலிப்போடு தொடங்குவதும் உண்டு. எனவே படம் எடுக்காமல் தீராது. 9.15க்குப் பக்கத்து டவுனில் சி.டி. முடிந்தது: பழைய தழும்பு இருந்தது, கசிவு இல்லை. இதோடு நிறுத்தினால் தவறு. சி.டி.யில் கசிந்த ரத்தம் உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்பால் வந்த பக்கவாதமோ முதல் சில மணி நேரம் சி.டி.யில் தெரியாமலே இருக்கலாம். 'சி.டி. நார்மல், ஒண்ணுமில்ல' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பக்கவாதங்களை நான் பார்த்திருக்கிறேன். இரவே கோவைக்கு அனுப்பினோம். போகும் வழியில் 10.30க்குச் சுண்டுவிரல் அசைந்தது என்று மகன் அழைத்துச் சொன்னார். அங்கே எம்.ஆர்.ஐ.யில் புதிய சேதம் இல்லை, குழாய்களும் திறந்திருந்தன. விடிகாலை ஐந்து மணிக்குக் கை பழைய நிலைக்கு வந்துவிட்டது. உடைந்த பேச்சும் அதே உடைசலோடு திரும்பியது. மறுநாள் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில் மூளையின் இடது முன்பக்கத்தில், பழைய தழும்பு இருக்கும் இடத்தில், வலிப்புக்கே உரிய கூர் அலைகள்.

முதல் நோயின் தழும்பிலிருந்துதான் இரண்டாவது நோய் முளைத்திருக்கிறது. அறுபதைக் கடந்தவருக்குப் புதிதாக வலிப்பு வந்தால் தேட வேண்டிய காரணங்களில் முதலில் நிற்பது பழைய பக்கவாதம். பக்கவாதம் வந்த ஒரு வாரத்துக்குள் வரும் வலிப்பு அந்த நேரத்துக் காயத்தின் எதிரொலி. மாதங்கள் கழித்து வருவது வேறு: தழும்பு நிலையாக அங்கேயே இருப்பதால் மீண்டும் வர வாய்ப்பு மிக அதிகம். அதனால்தான் ரெண்டாவது வலிப்புக்குக் காத்திராமல் ஒரு முறை வந்ததுமே வலிப்பு நோய் என்று கணக்கிடலாம் என்று 2014இல் உலகளாவிய வரையறையையே திருத்தினார்கள். நோம்பியில் கெட்ட தூக்கம் திரியைத் தூண்டியது. திரி ஆனி மாதமே வைக்கப்பட்டுவிட்டது.

வலிப்புக்கு லெவெடிரசெட்டாம் மாத்திரை, 500 மில்லிகிராம் இரு வேளை. ஏன் பழகிய ஃபெனிடாய்ன் இல்லை என்று மகன் கேட்டார், அவர் நண்பர் அதைத்தான் சாப்பிடுகிறாராம். நல்ல கேள்வி. ஃபெனிடாய்ன் கல்லீரலை முடுக்கிவிட்டு ரத்தம் உறையாத மாத்திரையை வேகமாக உடைத்து வெளியேற்றிவிடும். வலிப்பை அடக்கப் போய்ப் பக்கவாதத்துக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில்

என் தவறை மூன்று சொல்லில் அடக்கலாம். இழுத்துக்கிச்சு என்றார்கள், இழுத்தது எது என்று கேட்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. நினைவு இல்லை என்றார்கள், கண் திறந்திருக்கிறதா, சொன்னதைச் செய்கிறாரா என்று கேட்கவில்லை. பக்கவாதத்தில் பெரும்பாலும் நினைவு இருக்கும், பேச முடியாதவரைப் பார்த்து நினைவில்லை என்று நினைப்பது மிகச் சாதாரணம். ஒழுகுது என்றார்கள், நான் நுரை என்று எழுதிக்கொண்டேன். முகத்தின் ஒரு பாதி தளர்ந்தால் எச்சில் நிற்காது. நாக்கின் ஓரம் கடிபட்டிருந்தால் அது வலிப்புக்கு வலுவான சாட்சி. சிறுநீர் போய்விட்டது என்பதை அவ்வளவு நம்ப முடியாது, இரண்டிலும் போகலாம்.

தவறு இரண்டு பக்கமும் நடக்கும், ஆனால் இரண்டுக்கும் கொடுக்கிற விலை ஒன்றல்ல. வலிப்பைப் பக்கவாதம் என்று எண்ணி ஓடினால் வண்டி வாடகையும் ஒரு ராத்தூக்கமும் போகும். பக்கவாதத்தை வலிப்பு என்று எண்ணி உட்கார்ந்தால் கை போகும். பெரிய குழாய் அடைபட்ட பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எனவே எனக்குச் சந்தேகம் இருந்தால் இப்போது பக்கவாதம் என்றே வைத்துக்கொண்டு அனுப்புகிறேன். 2008 முதல் 108 இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் சி.டி. எடுக்கிற, கரைப்பு ஊசி இருக்கிற ஆஸ்பத்திரிக்கே நேராகப் போகச் சொல்கிறேன், வழியில் என்னிடம் நிறுத்த வேண்டாம் என்றும். பெரிய ரத்தக் குழாய் அடைபட்டவர்களில் தகுந்தவர்களுக்குத் தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை எடுக்கும் சிகிச்சையை 24 மணி நேரம் வரைகூடச் செய்ய முடிகிறது. அதனால் நாலரை மணி கடந்தாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

போகும் வரை என்ன செய்வது என்பதைவிட என்ன செய்யக் கூடாது என்பதே பெரிது. பக்கவாதம் என்று தோன்றினால் தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம், விழுங்கும் வலு போயிருந்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஆஸ்பிரின் வேண்டாம், கசிவா அடைப்பா என்று படம் எடுக்காமல் யாருக்கும் தெரியாது. பிரஷர் ஏறிக் கிடக்கிறதே என்று வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கூடுதலாகப் போட வேண்டாம், அடைபட்ட இடத்தைச் சுற்றி உயிருக்குப் போராடும் மூளைப்பகுதி அந்த ஏறிய அழுத்தத்தில்தான் பிழைத்திருக்கிறது. விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகும் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறதே, அதைச் செய்துகொண்டு வந்தவர்கள் உண்டு. புறா ரத்தம் தடவிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அவர்கள் இழந்தது நேரத்தை. வலிப்பு என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, மணியைப் பார்க்க வேண்டும். கையைக் காலை அமுக்கிப் பிடிப்பதோ பல்லுக்கிடையில் கரண்டியை வைப்பதோ கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் தானாக நிற்கும் என்று நம்பக் கூடாது, 108.

இரண்டுமே இல்லாத மூன்றாவது ஒன்று இந்த வட்டாரத்தில் அடிக்கடி வேஷம் போடும்: சர்க்கரை குறைவு. சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு விரதம் இருந்தவருக்கு ஒரு கை விளங்காமல் போகலாம், வலிப்பும் வரலாம். ஒரு சொட்டு ரத்தத்தில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் என்பதால் எதற்கும் முன்னால் அதைப் பார்க்கிறோம். பிள்ளை பெற்ற சில வாரத்துக்குள் கடும் தலைவலியோடு வலிப்பும் கை விளங்காமையும் சேர்ந்து வருகிற பெண்ணுக்கு மூளையின் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அங்கே இதுவா அதுவா என்ற கேள்வியே செல்லாது, இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம்.

இப்போது

இரண்டாவது நிகழ்வு முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. மறுபடி வலிப்பு வரவில்லை. மாத்திரை டப்பாவில் காலை, ராத்திரி என்று பேத்தி மஞ்சள் பெயிண்ட்டில் எழுதியிருக்கிறாள். கிணற்றில் இறங்கக் கூடாது, புல் வெட்டும் மெஷினைத் தொடக் கூடாது, பனையோ தென்னையோ ஏறக் கூடாது என்றதற்கெல்லாம் பெரியவர் தலையாட்டினார். டி.வி.எஸ். எக்ஸெல்லை எடுக்கக் கூடாது என்றதும்தான் கோபம் வந்தது. ஓட்டுநர் உரிமப் படிவத்திலேயே வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது, நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். "சொசைட்டிக்கு... ஆரு போறது?" என்றார். மருமகள் ஓட்டப் பழகிக்கொண்டார். காலையில் அவர் முன்னால், பால் கேன் நடுவில், பெரியவர் பின்னால் உட்கார்ந்து இடது கையால் கேனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். சீட்டைப் பெரியவர்தான் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்.